ஆதாம் விழுந்தது யார் விருப்பம்?

1619 மே 13 காலை. ஹேக் நகரத்தின் அரசு வளாகமான பின்னன்ஹோஃபில் கூட்டம் நெருக்கியடித்து நின்றது. எழுபத்தொரு வயதுப் பெரியவர் ஒருவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வெட்டுமேடைக்கு வந்தார். பெயர் யோஹான் ஃபான் ஓல்டன்பார்னஃபெல்ட். 1586 முதல் ஹாலந்து மாகாணத்தின் தலைமை ஆலோசகர்; நம் கணக்கில் பிரதம மந்திரி என்றே வைத்துக்கொள்ளலாம். ஸ்பெயினுடன் பன்னிரண்டு ஆண்டுப் போர்நிறுத்தம் பேசி முடித்தவர். ‘இழுத்தடிக்காமல் முடி’ என்று வெட்டுகிறவனிடம் சொன்னதாகச் சொல்வார்கள்.

தீர்ப்பில் இருந்ததெல்லாம் அரசியல். நாட்டின் ஒற்றுமையைக் குலைத்தார், மாகாணத்துக்கென்று தனியாகக் கூலிப்படை திரட்டச் செய்தார், இப்படி. ஆனால் அந்த அரசியலுக்கு நெருப்பு வைத்தது ஓர் இறையியல் கேள்வி. ஏதேன் தோட்டத்தில் ஆதாம் விலக்கப்பட்ட கனியைத் தின்றானே, அது கடவுள் முன்கூட்டியே தீர்மானித்து வைத்ததா, இல்லை அவனாகச் செய்ததா?

கேள்வி புதிதல்ல. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகுஸ்தீனும் பெலாஜியஸும் இதை ஒட்டித்தான் மோதினார்கள். 1525-இல் லூத்தர் எராஸ்மஸுக்கு எதிராக எழுதிய புத்தகமும் இதைப் பற்றியதே. இருந்தாலும், ஒரு நாட்டையே இரண்டாகப் பிளந்து, படைகளைத் தெருவில் இறக்கியது ஹாலந்தில்தான். தொடங்கியது லெய்டன் பல்கலைக்கழகத்தில், இரண்டு பேராசிரியர்களுக்கு இடையே.

ஒருவர் பிரான்ஸிஸ்கஸ் கொமாரஸ். 1594 முதல் அங்கே இறையியல் கற்பித்தவர். மற்றவர் யாக்கோபஸ் ஆர்மினியஸ். ஆம்ஸ்டர்டாமில் பதினைந்து ஆண்டுகள் போதகராக இருந்து, கொள்ளைநோய்க் காலத்தில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, 1603-இல் லெய்டனுக்குப் பேராசிரியராக வந்தார். இவர் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தபோது, 1575-இல், சொந்த ஊரான அவுடவாட்டரில் ஸ்பானியப் படைகள் நடத்திய படுகொலையில் தாயும் உடன்பிறந்தவர்களும் இறந்துபோனார்கள். இதை வைத்து அவருடைய இறையியலை விளக்குவது மலிவான வேலை. அவர் தன் வாதத்தில் எங்கும் அதைக் காட்டவில்லை. என்றாலும், ‘எல்லாம் அவன் தீர்மானம்’ என்று லேசாகச் சொல்லிவிட அந்த மனிதருக்கு வாய் வந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கொமாரஸ் சொன்னது இதுதான். புத்தியுள்ள எவரும் முடிவை முதலில் நினைத்துவிட்டு, பிறகுதான் வழியைத் தேடுவார். கடவுளும் அப்படியே. தன் இரக்கத்தையும் நீதியையும் வெளிப்படுத்துவது அவர் நோக்கம். அதற்காகச் சிலரை இரட்சிப்புக்கும் சிலரை அழிவுக்கும் முன்குறித்தார். அந்த நோக்கம் நிறைவேறத்தான் மனிதனைப் படைப்பதும், அவன் விழுவதை அனுமதிப்பதும் தீர்மானிக்கப்பட்டன. ஆக, வீழ்ச்சி விபத்தல்ல. திட்டத்தின் ஒரு படி. இந்தச் சிந்தனை மரபின் முன்னோடியான கால்வினே தன் பெரிய நூலில் இந்தத் தீர்மானம் நடுங்க வைக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டும் அதிலிருந்து பின்வாங்கவில்லை.

கேட்பதற்குக் கொடூரமாக இருக்கிறது. ஆனால் கொமாரஸ் கொடூரர் அல்ல. ஆதாம் விழப்போவது கடவுளுக்குத் தெரியாது என்று சொல்ல முடியுமா? தெரிந்தும் படைத்தார் என்றால், அந்த முடிவில் ஆதாமின் வீழ்ச்சியும் அடங்கித்தானே இருக்கிறது? தோட்டத்தில் நடந்ததைப் பார்த்துக் கடவுள் திகைத்துப்போய் அவசரமாக மாற்றுத் திட்டம் தீட்டினார் என்றால், அவர் என்ன கடவுள்? இந்தக் கேள்விகளை அவர் நேருக்கு நேர் எதிர்கொண்டார். பலர் நடுவழியில் நழுவிக்கொண்டார்கள்.

ஆர்மினியஸ் 1608 அக்டோபரில் ஹாலந்து மாகாண மன்றத்தின் முன் தன் நிலையை விரிவாக வைத்தார். அவருடைய வாதத்தின் சாரம்: பாவம் இல்லாமல் கடவுளின் நோக்கம் நிறைவேறாது என்றால், பாவத்தைத் தேடியவர் கடவுள்தான். பாவத்துக்குக் காரணர் அவரே என்றாகும். இன்னும் ஒரு படி போனால், உலகத்தில் உண்மையான பாவி அவர் ஒருவர் மட்டுமே. மனிதன் செய்தது பாவமே அல்ல, உத்தரவுக்குக் கீழ்ப்படிதல். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதைக் கடவுள் தலையில் ஏற்றுவது இது.

ஆர்மினியஸ் ‘மனிதன் தன் முயற்சியால் கரையேறிவிடலாம்’ என்று சொன்னதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. விழுந்த மனிதன் கிருபை இல்லாமல் ஒரு நல்ல எண்ணம்கூட எண்ண முடியாது என்பதில் அவரும் உறுதியாகவே இருந்தார். வேறுபாடு ஒரே இடத்தில்: நீட்டிய கையைத் தட்டிவிடும் திறன் மனிதனிடம் விடப்பட்டிருக்கிறது என்றார். அவ்வளவே அவர் கேட்ட சுதந்திரம். அதே ஆண்டு உயர் நீதிமன்றத்தின் முன் நடந்த விவாதத்தில், ஆர்மினியஸின் கருத்துகளோடு கடவுளின் தீர்ப்புக்கு முன் நிற்கத் தனக்குத் துணிவில்லை என்றார் கொமாரஸ். அடுத்த ஆண்டே ஆர்மினியஸ் நோயில் இறந்தார். சண்டை இறக்கவில்லை.

இந்த இடத்தில் மூலக்கதையைத் திரும்பப் பார்ப்பது நல்லது. ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் கடவுள் தீர்மானித்தாரா என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. கட்டளை இருக்கிறது, மீறல் இருக்கிறது, விசாரணை இருக்கிறது. அந்த விசாரணையில் ஆதாம் சொல்லும் பதிலைக் கவனியுங்கள். ஏவாள் கொடுத்தாள் என்று மட்டும் அவன் சொல்வதில்லை. நீர் எனக்குத் துணையாகத் தந்த அந்தப் பெண் என்று சொல்கிறான். பழியை மனைவி மீது போடுகிற சாக்கில் படைத்தவர் மீதே போட்டுவிடுகிறான். ‘இதெல்லாம் உம் ஏற்பாடுதானே’ என்ற வாதத்தை முதலில் எழுப்பியவர் இறையியலாளர் அல்லர், பிடிபட்ட குற்றவாளி.

திருக்குர்ஆனில் இது வேறு விதமாக வருகிறது. அங்கே ஆதமும் அவருடைய துணைவியும் எங்களுக்கு நாங்களே அநீதி செய்துகொண்டோம் என்று மன்னிப்புக் கேட்கிறார்கள். நீ என்னை வழிகெடுத்துவிட்டாய் என்று இறைவனைக் குற்றம்சாட்டுவது சாத்தானாகிய இப்லீஸ். அதே சமயம், ஆதமைப் படைக்கும் முன்பே பூமியில் ஒரு பிரதிநிதியை ஏற்படுத்தப்போவதாக இறைவன் வானவர்களிடம் சொல்லிவிடுகிறான். மனிதன் பூமிக்கு வருவது முன்பே முடிவான ஒன்று. தவறுக்கோ அவனே பொறுப்பு. நபி மூஸாவும் ஆதமும் வாதிட்டதாக வரும் ஹதீஸில், நான் படைக்கப்படுவதற்கு முன்பே எழுதப்பட்டதற்கு என்னைப் பழிக்கிறாயா என்று கேட்டு ஆதம் வெல்கிறார். விதியைக் காட்டித் துன்பத்தைத் தாங்கிக்கொள்ளலாம், பாவத்தை நியாயப்படுத்தக் கூடாது என்று அதற்கு விளக்கம் சொன்ன அறிஞர்கள் உண்டு. இந்தப் பிரிப்பு எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுகிறது.

ஹாலந்துக்குத் திரும்புவோம். 1610-இல் ஆர்மினியஸின் ஆதரவாளர்கள் ஐந்து அம்சங்கள் கொண்ட ஒரு முறையீட்டை (ரெமான்ஸ்ட்ரன்ஸ்) அரசிடம் கொடுத்தார்கள். அதனால் ரெமான்ஸ்ட்ரன்ட்கள் என்று பெயர் பெற்றார்கள். ஓல்டன்பார்னஃபெல்ட் இவர்களுக்குப் பாதுகாப்பு. படைத்தலைவரான இளவரசர் மௌரிட்ஸ் எதிர்ப்பக்கம் சாய்ந்தார். அவருக்கு இறையியலில் என்ன அக்கறை என்று கேட்டால், முன்குறித்தல் என்பது என்ன நிறம் என்றே தனக்குத் தெரியாது என்று அவரே சொன்னதாக ஒரு கதை உண்டு. அவருக்குத் தெரிந்தது, ஓல்டன்பார்னஃபெல்ட்டும் தானும் ஒரே நாட்டை ஆள முடியாது என்பது. 1618 ஆகஸ்டில் ஓல்டன்பார்னஃபெல்ட் கைதானார். நவம்பரில் தோர்த்ரெக்ட் (சுருக்கமாகத் தோர்த்) நகரில் சபைகளின் மாமன்றம் கூடியது.

பிரிட்டன், ஜெனீவா, சுவிஸ் நகரங்கள், ஜெர்மன் சிற்றரசுகள் என்று பல நாட்டுப் பிரதிநிதிகள் வந்தார்கள். பிரெஞ்சு மன்னர் தன் நாட்டவரைப் போகவிடவில்லை. அவர்களுக்கான இருக்கைகள் காலியாகவே வைக்கப்பட்டன. ரெமான்ஸ்ட்ரன்ட்கள் உறுப்பினர்களாக அல்ல, குற்றம்சாட்டப்பட்டவர்களாகவே அழைக்கப்பட்டார்கள். நடைமுறை பற்றியே வாரக்கணக்கில் வாதாடினார்கள். 1619 ஜனவரியில் தலைவர் பொகர்மன் பொறுமை இழந்து அவர்களை வெளியே போகச் சொன்னார்.

மாமன்றத்தின் முடிவு சுவாரசியமானது. கொமாரஸ் உறுப்பினராக உட்கார்ந்திருந்தும் அவர் சொன்ன வடிவத்தை அது எடுத்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே விழுந்துவிட்ட மனித குலத்திலிருந்து கடவுள் சிலரைத் தேர்ந்தெடுத்தார் என்று எழுதியது. அதாவது, வீழ்ச்சியைத் தேர்ந்தெடுத்தலுக்கு முன்னால் வைத்தது. பாவத்துக்கும் அவிசுவாசத்துக்கும் காரணம் கடவுளிடம் இல்லவே இல்லை, மனிதனிடம்தான் என்று தெளிவாகவே சொன்னது. கொமாரஸைக் கண்டிக்கவுமில்லை. ஆர்மினியஸின் கேள்வி அவர்களையும் உறுத்தியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வெளிநாட்டுப் பிரதிநிதிகள் கலந்துகொண்ட அமர்வுகள் மே 9-இல் முடிந்தன. நான்கு நாள் கழித்து ஓல்டன்பார்னஃபெல்ட்டின் தலை விழுந்தது. அதற்கு முந்தைய இரவு சிறையில் அவருக்கு ஆறுதல் சொல்ல அனுப்பப்பட்ட போதகர் வலாயுஸ், தோர்த் மாமன்றத்தில் அமர்ந்திருந்தவர். சாகப்போகிறவரோடு நடந்த பேச்சு அன்றும் முன்குறித்தலில் வந்து நின்றது. சுமார் 200 ரெமான்ஸ்ட்ரன்ட் போதகர்கள் பதவி இழந்தார்கள். பலர் நாடு கடத்தப்பட்டார்கள். விசுவாசம் மனிதன் எடுக்கும் முடிவல்ல என்று வாதிட்டவர்கள், தவறான முடிவு எடுத்தார்கள் என்று இத்தனை பேரைத் தண்டித்தார்கள்.

ஓல்டன்பார்னஃபெல்ட்டுடன் கைதானவர்களில் ஒருவர் ஹ்யூகோ குரோட்டியஸ், சர்வதேசச் சட்டத்தின் முன்னோடி. ஆயுள் தண்டனை பெற்று லூவஸ்டைன் கோட்டையில் அடைக்கப்பட்டார். படிக்கப் பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள் வரும், போகும். காவலர்கள் முதலில் திறந்து பார்த்தார்கள், பிறகு அலுத்துவிட்டார்கள். மனைவி மரியா அதைக் கவனித்தார். 1621 மார்ச் 22 அன்று கணவரைப் பெட்டிக்குள் படுக்க வைத்துப் பூட்டி, புத்தகம் என்று சொல்லி அனுப்பினார். பணிப்பெண் எல்ஸ்யே கூடவே போய்க் கோரின்கெம் ஊரில் கொண்டு சேர்த்தார். அங்கிருந்து குரோட்டியஸ் மாறுவேடத்தில் தப்பினார். இதே குரோட்டியஸ் பதினெட்டு வயதில், 1601-இல், லத்தீனில் ஒரு நாடகம் எழுதியிருந்தார். அதன் தலைப்பு ‘நாடு கடத்தப்பட்ட ஆதாம்’.

1638-இல் பாரிஸில் அவரைச் சந்தித்தார் ஓர் இளம் ஆங்கிலேயக் கவிஞர்: ஜான் மில்டன். 1667-இல் வெளியான அவருடைய ‘இழந்த சொர்க்கம்’ காவியத்தில் கடவுளே வாதாடுகிறார்: நிற்கும் வலிமையோடுதான் படைத்தேன், விழும் சுதந்திரமும் கொடுத்தேன், எனக்கு முன்பே தெரிந்திருந்தது என்பது அவர்கள் தவறுக்குக் காரணமாகாது. கடைசிப் பகுதியில், இந்த வீழ்ச்சியிலிருந்து எவ்வளவு பெரிய நன்மை வரப்போகிறது என்று தேவதூதர் சொல்லக் கேட்டு, வருந்துவதா மகிழ்வதா என்று ஆதாம் தடுமாறுகிறான். நம் ஊர்க் கத்தோலிக்க ஆலயங்களிலும் ஈஸ்டர் திருவிழிப்பு இரவில் பாடப்படும் பாஸ்காப் புகழுரையில் ஆதாமின் குற்றம் பாக்கியமானதாகப் போற்றப்படுகிறது. மில்டனின் குறும்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். முன்னறிவு, விதி, சுயசித்தம் பற்றிய முடிவில்லா விவாதத்தை அவர் நடத்தவிட்டது நரகத்தில், விழுந்த தேவதூதர்களிடையே.

விவாதம் முடியவில்லை என்பது உண்மை. கத்தோலிக்கத் தரப்பில் மொலினா என்ற ஸ்பானிய இயேசு சபை அறிஞர் 1588-இலேயே ஒரு நடுவழி சொல்லியிருந்தார். எந்தச் சூழலில் எவன் தன் விருப்பத்தால் எதைச் செய்வான் என்பதெல்லாம் கடவுளுக்குத் தெரியும். தெரிந்தே ஓர் உலகத்தைத் தேர்ந்தெடுத்தார் என்றார். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ‘ஏன் இந்த உலகத்தைத் தேர்ந்தெடுத்தார்’ என்று கேட்டால் கொமாரஸ் வாசலில் நின்று சிரிப்பார்.

என் கருத்தைக் கேட்டால், கடவுள் வீழ்ச்சியிலிருந்து நன்மையை எடுத்தார் என்பதை நம்பலாம்; அந்த நன்மைக்காகவே வீழ்ச்சியை விரும்பினார் என்பதை நம்ப முடியாது. முதலாவது, அடிபட்டவன் பின்னாளில் தானே உணர்ந்து சொல்லக்கூடியது. இரண்டாவது, குழந்தையைப் பறிகொடுத்த வீட்டுக்குள் போய் ‘எல்லாம் கடவுள் சித்தம்’ என்று அடுத்தவர் சொல்வது. அதைச் சொல்கிறவர்கள் தங்கள் பாவத்தைப் பற்றி அப்படிச் சொல்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். சுயசித்தம் என்பது மனிதன் எதையும் செய்துவிடலாம் என்பதல்ல. பிறப்பும் பழக்கமும் பயமும் நம்மை எவ்வளவு தள்ளினாலும், செய்ததற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நாமே என்னும் அளவுக்கு அது இருக்கிறது. அந்த அளவைத் தோர்த் மாமன்றமும் மறுக்கவில்லை.

மௌரிட்ஸ் 1625-இல் இறந்தபின் ரெமான்ஸ்ட்ரன்ட்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். 1634-இல் ஆம்ஸ்டர்டாமில் தங்களுக்கென்று இறையியல் கல்லூரி தொடங்கினார்கள். தோர்த்தில் அவர்கள் அணிக்குத் தலைமை தாங்கி வெளியேற்றப்பட்ட எபிஸ்கோபியஸ் அங்கே பேராசிரியர் ஆனார். அவர்கள் சபை இன்றும் நெதர்லாந்தில் இருக்கிறது. தோர்த் கோட்பாடுகளைத் தங்கள் விசுவாச அறிக்கையாக ஏற்ற சீர்திருத்தச் சபைகளும் உலகம் முழுக்க இருக்கின்றன.