சுழியம் நாம் வைத்தது என்பதை மறவாதீர்கள்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ள மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, சிவப்புக் கம்பியின் முனையையும் கறுப்புக் கம்பியின் முனையையும் ஒன்றோடொன்று அழுத்திப் பாருங்கள். இடையில் எந்தப் பொருளும் இல்லை; எனவே, திரையில் சுழியம் வரும் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். ஆனால், பெரும்பாலும் 0.2 அல்லது 0.3 என ஓர் எண் நிற்கும். மீட்டர் கெட்டுவிட்டதா? இல்லை. அந்தக் கம்பிகளுக்கும் முனைகள் தொடும் இடத்துக்கும் உள்ள மின்தடையைத்தான் அது அளந்து காட்டுகிறது.

10,000 ஓம் மின்தடையை அளக்கும்போது இந்த 0.3 ஒரு பொருட்டே அல்ல. ஆனால், 2.1 ஓம் உள்ள நிக்ரோம் கம்பித் துண்டை அளந்தால் மீட்டர் 2.4 என்று காட்டும். பிழை ஏழில் ஒரு பங்கு! கம்பியின் நீளத்துக்கும் மின்தடைக்கும் வரைபடம் வரைந்தால், கோடு தொடக்கப் புள்ளி வழியாகச் செல்லாமல் 0.3 ஓம் மேலே தள்ளி நிற்கும்.

இதைச் சரிசெய்யத்தான் பல மீட்டர்களில் ‘ரெல்’ என்ற பொத்தான் இருக்கிறது. சிலவற்றில் அதற்குச் சிறு முக்கோணக் குறி இருக்கும். முனைகளை அழுத்திப் பிடித்து, எண் நிலையானதும் பொத்தானை அழுத்துங்கள். மீட்டர் 0.3ஐ நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்து வரும் ஒவ்வோர் அளவிலிருந்தும் அதைக் கழித்துவிடும். நிக்ரோம் கம்பி இப்போது 2.1 என்று காட்டும். திருகு அளவியில் சுழியப் பிழையைக் கழிக்கிறீர்களே, அதே கணக்குதான். மின்னியல் தராசில் வெறும் கிண்ணத்தை வைத்துச் சுழியமாக்கிய பிறகு மாவைக் கொட்டுவதும் இதே முறைதான்.

ஒப்பிட்டுப் பார்க்கவும் இது உதவும். புதிய 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை அளந்து ‘ரெல்’ அழுத்துங்கள். பிறகு பழைய பேட்டரிகளை அளந்தால், ஒவ்வொன்றும் புதியதைவிட எவ்வளவு குறைவு என்பது கழித்தல் குறியோடு நேராகத் தெரியும்.

கட்டளைகளை நிரலாக ஏற்கும் மேசை மீட்டர்கள் சிலவற்றில், கழிக்க வேண்டிய எண்ணை நீங்களே கொடுக்கலாம். பெருக்க வேண்டிய எண்ணையும் கொடுக்கலாம். கணிதப் பாடத்தில் படித்த நேர்கோட்டுச் சமன்பாடு இங்கே வேலை செய்கிறது. டிஎம்பி36 என்ற வெப்ப உணரி 0 பாகை செல்சியசில் 0.5 வோல்ட் தரும். ஒவ்வொரு பாகைக்கும் 0.01 வோல்ட் கூடும். ஆகவே, வோல்ட்டை 100ஆல் பெருக்கி 50ஐக் கழிக்கும்படி மீட்டருக்குச் சொல்லிவிட்டால், 0.80 வோல்ட் திரையில் 30 என்று வெப்பநிலையாகவே தெரியும்.

ஆனால், ‘ரெல்’ எல்லாப் பிழைகளையும் போக்காது. மீட்டர் எப்போதும் 2 விழுக்காடு கூட்டியே காட்டுகிறது என்றால், கழித்தல் அதைத் திருத்தாது.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. ஒருவர் 230 வோல்ட் மின்சாரத்தை அளக்கும்போது ‘ரெல்’ அழுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் சுழியம் வந்துவிடும். அடுத்து வருபவர் அதைப் பார்த்து, மின்சாரம் இல்லை என்று நினைத்துக் கம்பியைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. திரை காட்டுவது வேறுபாட்டை. கம்பியில் இருப்பதோ முழு மின்னழுத்தம். வீட்டு மின்சாரத்தை நீங்கள் ஒருபோதும் அளக்க முயலாதீர்கள். அது பயிற்சி பெற்றவர்களின் வேலை.

மீட்டரைக் கையில் எடுத்ததும், திரையின் மூலையில் ‘ரெல்’ அல்லது முக்கோணக் குறி தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால், அதை நீக்கிவிட்டுத் தொடங்குங்கள். நீங்கள் ‘ரெல்’ பயன்படுத்தினால், எவ்வளவு கழித்தீர்கள் என்பதை ஆய்வேட்டில் எழுதி வையுங்கள். வேலை முடிந்ததும் அதை அணைத்துவிடுங்கள். அடுத்து அந்த மீட்டரை எடுப்பவர் உங்கள் நண்பராக இருக்கலாம்.