அறியாமற் செய்தது குற்றமாகுமா?

"ஐயா, இப்படியொரு விதி இருப்பதே எனக்குத் தெரியாது" என்னும் சொல்லை ஆரியசாலைக் கடைத்தெருவிலே கேளாதார் இலர். அதிகாரியோ சிறிது புன்னகை செய்து அபராதச் சீட்டை எழுதத் தொடங்குவார். சட்டம் தெரியாதென்பது சாக்காகாது என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கொண்டுள்ள கொள்கை. அதற்கும் ஓர் எல்லை உண்டென்பதை நம்மவர் பலர் அறியார்.

நம் திருவிதாங்கூரைப் போலவே சமஸ்தானமாயிருந்த ஜெய்ப்பூரில், 1923-ஆம் ஆண்டு டிசம்பரில் அமைச்சர் குழு அபினிச் சட்டமொன்றை நிறைவேற்றியது. அச்சட்டம் அரசிதழிலும் வரவில்லை. வேறெவ்வழியிலும் குடிகளுக்கு அறிவிக்கப்படவுமில்லை. பின்னாளில் அதன்கீழ் ஒருவருக்கு 50 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. மக்கள் அறிய வழியில்லாத சட்டத்தால் அவர்களைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு முரணானது என நீதிபதி விவியன் போஸ் 1951-இல் தீர்ப்பளித்தார். ஐம்பது ரூபாய்க்காக எழுந்த வழக்கு எத்துணைப் பெரிய உண்மையை நிலைநாட்டிற்று, பாருங்கள்!

ஆனால் அறிவித்தல் என்பதுதான் யாது? 1962 நவம்பர் 24-இல், விமானத்தில் இந்தியா வழியாகக் கொண்டு செல்லப்படும் தங்கத்தைச் சரக்குப் பட்டியலில் காட்டவேண்டுமெனும் புதிய விதி அரசிதழில் வெளிவந்தது. நான்கு நாள் கழித்து, சூரிச்சிலிருந்து மணிலாவுக்குச் சென்ற ஜெர்மானியர் ஒருவர், 34 கிலோ தங்கத்துடன் பம்பாயில் பிடிபட்டார். உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி இராஜகோபால ஐயங்கார் உள்ளிட்ட இருவர், அரசிதழில் வந்ததே போதுமென்றனர். நீதிபதி சுப்பாராவ் உடன்படவில்லை. 1964-இல் குற்றம் உறுதியாயிற்று. தண்டனையோ, அவர் ஏற்கெனவே சிறையிலிருந்த காலத்தளவாகக் குறைக்கப்பட்டது. குற்றவாளி என்று சொன்ன அதே மன்றத்துக்கு, அவரை மேலும் சிறையில் வைக்க மனம் வரவில்லை போலும்! சுப்பாராவ் பக்கமே நியாயம் மிகுதியென்பது என் கருத்து.

செய்தியை அறியாமை வேறு. தன் குடையென்றெண்ணிப் பிறர் குடையை எடுத்தவன் திருடனாகான். இவ்வகைத் தவறான எண்ணத்துக்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு அளித்த காப்பு, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 17-ஆம் பிரிவாக நிற்கிறது.

நம் நிலைக்கு வருவோம். மலையாளத்தில் ஒட்டப்பட்ட அறிவிப்பை வாசிக்கவியலாத தமிழ்க் கடைக்காரருக்கு அஃது அறிவிப்பாகுமா? சட்டத்தின் கண்ணில் ஆகும். ஆயினும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே மாநில அரசுக்கு எழுதுவதற்கு, 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளித்தது. அபராதம் கட்டிவிட்டு வந்து புலம்புவதைக் காட்டிலும், உரிம விதிகளின் தமிழ்ப் படியொன்று வேண்டுமென நம் வணிகர் பதின்மர் கையொப்பமிட்டு விண்ணப்பிப்பது எளிதன்றோ?