விரலின் தாமதம்

வாணியம்பாடியில் பாலாற்று நீரைப் பற்றியும், 1996 ஆகஸ்டில் தோல் தொழிற்சாலைக் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் பற்றியும் அறியாதவர் அரிது. ஆயினும் ஆற்றுக்கு நேர்ந்ததைப் பேசிய அளவுக்கு, அத்தோலில் செருப்புச் செய்யும் இடத்தில் பசை தடவி மெருகேற்றும் தொழிலாளியின் நரம்புகளைப் பற்றி நாம் பேசியதில்லை.

பசையிலிருந்து ஆவியாகும் கரைப்பான் மூச்சோடு புகுந்து நரம்பைத் தாக்கும் என்பது, 1960களில் ஜப்பானின் செருப்புத் தொழிலாளர் ஹெக்ஸேன் என்னும் கரைப்பானால் கைகால் தளர்ந்தபோதே வெளிப்பட்டது. வைத்தியரின் சுத்தியலுக்கு அகப்படுமுன்பே சித்தம் மந்தமாகிறதா என்று அறிய, அமெரிக்காவில் எட்வர்ட் பேக்கரும் ரிச்சர்ட் லெட்ஸும் 1985இல் வெளியிட்ட பரீட்சைத் தொகுதி, தொழிலிடத்துக்கே கொண்டுசெல்லத்தக்க சிறு கம்ப்யூட்டரில் இயங்கியது. திரையில் குறி தோன்றியதும் விசையை அழுத்த வேண்டும். ஆரோக்கியமுள்ளவருக்குச் சுமார் கால் விநாடி போதும். பிறகு குறிகளுக்கு உரிய எண்களைப் பொருத்துவது, விரலால் விரைந்து தட்டுவது முதலியன.

யந்திரத்துக்கும் குறைகள் உண்டு. விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒரு சுற்றுக்கே சுமார் 17 மில்லி விநாடி செல்லும். 1984இல் நம் பள்ளிகளுக்கு வந்த பி.பி.சி. மைக்ரோ என்னும் கம்ப்யூட்டரின் பேசிக் மொழியோ நூறில் ஒரு விநாடிக்குக் குறைந்ததை எண்ணாது. இவற்றைப் பெரிதாகச் சொல்லிப் பரிகசித்தவர்கள் அவசரப்பட்டார்கள் என்பேன்: அங்குமிங்கும் சிதறும் பிழை, பல முறை அளந்து சராசரி எடுத்தால் பெரும்பாலும் கரைந்துவிடும். விசைப்பலகையையே கண்டிராத விரலின் தயக்கமோ கரையாது. அது நோயின் வேஷத்தில் கணக்கில் ஏறிவிடும். உலகச் சுகாதார ஸ்தாபனம் அதே தசாப்தத்தில் கம்ப்யூட்டர் தேவைப்படாத ஏழு பரீட்சைகளை வகுத்ததும், பின்னர் 1990களில் அமெரிக்காவின் கென்ட் ஆங்கர் குழுவினர் விசைப்பலகைக்கு மேல் ஒன்பது பெரிய பொத்தான்களைப் பொருத்தியதும் வீண் சிரமமல்ல.

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ இப்பரீட்சையைச் செய்ய முற்படுகிறவருக்கு, யாரோடு ஒப்பிடுவது என்பதே முதற்சிக்கல். குடியாத்தத்து நெசவாளரின் விரல் வேகம் தறியால் வந்தது. பீடி சுற்றுபவருக்கோ புகையிலையே நரம்பில் வேலை செய்யும். ஒத்த வயதும் ஒத்த படிப்பும் உடைய, பசை வாடை எட்டாத பெட்டி கட்டும் பகுதித் தொழிலாளியை அழைத்து, அவர் வீட்டில் பேசுவது உருதுவானால் உருதுவிலும் தமிழானால் தமிழிலும் விளக்கி, கணக்கில் சேராத சில முறைகள் பொத்தானை அழுத்திப் பழகவிட்ட பிறகே அளவெடுக்கத் தொடங்க வேண்டும்.