துணை வேட்பாளர் இல்லாத நாட்டில் மேடைத் துணைவர்கள்

ஜனாதிபதித் தேர்தல் பிரசாரம் சூடுபிடித்துவிட்டால் நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை நகரங்களில் ஏறாத மேடையில்லை, வராத வேட்பாளரில்லை. வேட்பாளர் பெரும்பாலும் சிங்களத்தில் உரையாற்றுவார். அருகில் நிற்கும் மலையகத் தலைவர் அதனைத் தமிழில் எடுத்துரைப்பார். கேட்டுக்கொண்டிருக்கும் தோட்டத் தொழிலாளி எதற்குக் கைதட்டுகின்றார் என்பதை ஆராய்ந்து பார்த்தால், பல சந்தர்ப்பங்களில் அது வேட்பாளரின் சொல்லுக்கல்ல, துணைவரின் மொழிபெயர்ப்புக்கே என்பது புலனாகும். அவ்வாறாயின், வேட்பாளரின் நா தவறும்போதும் வாக்குறுதி பொய்க்கும்போதும் பதில் கூறவேண்டியவர் யார்?

அமெரிக்காவில் இதற்கு விடை தெளிவானது. அங்கு ஜனாதிபதி வேட்பாளரின் பெயருடன் துணை ஜனாதிபதி வேட்பாளரின் பெயரும் ஒரே வாக்குச்சீட்டில் இடம்பெறுகின்றது. 2008இல் சாரா பாலின் தொலைக்காட்சிப் பேட்டிகளில் தடுமாறியபோது, அந்தத் தடுமாற்றம் அவரைத் தெரிவு செய்த ஜோன் மெக்கெயினின் தீர்மானத்தின் மீதே கேள்வியை எழுப்பியது. 2024இல் ஜே.டி. வான்ஸ், பிள்ளைகளற்ற பெண்களைப் பற்றி மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் கூறிய இழிசொல் மீண்டும் வெளிவந்தபோதும் அதுவே நடந்தது. துணைவரின் வாயும் வேட்பாளரின் வாயும் ஒரே கணக்கில் எழுதப்படுகின்றன.

எமது அரசியலமைப்பில் துணை ஜனாதிபதி என்ற பதவியே இல்லை. ஜனாதிபதிப் பதவி இடைநடுவில் வெற்றிடமானால், எஞ்சிய காலத்துக்குரியவரைப் பாராளுமன்றமே தெரிவு செய்யும். 1993இல் ரணசிங்க பிரேமதாச கொல்லப்பட்டதன் பின்னர் டி.பி. விஜேதுங்க அவ்வாறே தெரிவானார். 2022 ஜூலை 20ஆம் திகதி ரணில் விக்கிரமசிங்க 134 வாக்குகளால் ஜனாதிபதியானதும் அவ்வழியிலேயே. 2019 தேர்தலில் நுவரெலியா மாவட்டம் 58 சதவீதத்துக்கு மேற்பட்ட வாக்குகளைச் சஜித் பிரேமதாசவுக்கு வழங்கியிருந்தது. அடுத்த இடத்தில் வந்தவர் கோட்டாபய ராஜபக்ஷ. ஆனால் மூன்றாண்டுகள் நிறைவடைவதற்கு முன்னரே, அத்தேர்தலில் போட்டியிடாத ஒருவர் நாட்டின் தலைவராக வீற்றிருந்தார்.

எனவே இங்கு துணைவர் என்போர் வாக்குச்சீட்டில் இல்லாதவர்கள். மேடையில் மட்டுமே உள்ளவர்கள். அவர்களது வாயும் ஆபத்தானதே. 2005 நவம்பர் தேர்தலை நினைவுபடுத்திப் பார்ப்போம். அப்போது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸும் மலையக மக்கள் முன்னணியும் ரணிலையே ஆதரித்தன. நுவரெலியா மாவட்டத்தில் அவருக்கு ஏறத்தாழ 70 சதவீத வாக்குகள் கிடைத்தன. ஆனால் வாக்களிப்புக்குச் சற்று முன்னர், கருணாவின் பிளவு தமது அரசாங்கக் காலத்தின் சமாதான நடவடிக்கையால் விளைந்ததே எனப் பொருள்படும் வகையில் ரணிலின் அணியினரான மிலிந்த மொரகொடவும், நுவரெலியா மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினரான நவீன் திஸாநாயக்கவும் கருத்து வெளியிட்டனர். தெற்கில் வாக்குச் சேர்ப்பதற்காகக் கூறப்பட்ட பெருமைப் பேச்சு அது. வடக்கில் அது வேறு விதமாக ஒலித்தது. வடக்கின் பகிஷ்கரிப்புக்கு வேறு காரணங்களும் இருந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் எரியும் நெருப்பில் எண்ணெய் வார்த்தவர்கள் ரணிலின் மேடைத் துணைவர்களே. யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் ஒன்றேகால் சதவீதத்துக்கும் குறைவு. ரணில் தோற்றது 1,80,786 வாக்குகளால். மலையகம் வாரி வழங்கிய வாக்குகள் வீணாகின. அக்கருத்தைக் கூறிய இருவருமோ 2007 ஜனவரியில் வெற்றி பெற்றவரின் அரசாங்கத்திலேயே அமைச்சர்களாகினர்!

2010இல் வேட்பாளரே நா தவறியவராக இருந்தார். இந்நாடு சிங்களவர்களுக்கே உரியது, சிறுபான்மையினர் அளவு மீறிய கோரிக்கைகளை முன்வைத்தல் ஆகாது என்ற கருத்தைச் சரத் பொன்சேகா இராணுவத் தளபதியாக இருந்தபோது 2008இல் கனேடியப் பத்திரிகையொன்றுக்குக் கூறியிருந்தார். ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் மனோ கணேசனும் அவரது மேடைத் துணைவர்களானபோது, அச்சொல்லின் சுமையையும் அவர்களே சுமக்க நேர்ந்தது. போதாக்குறைக்கு, 2009 டிசம்பர் 13ஆம் திகதி வெளியான சண்டே லீடர் பேட்டியின் வெள்ளைக்கொடி விவகாரம் வேறு. பேட்டி திரிக்கப்பட்டது என அவர் விளக்கமளித்தும் பயனில்லை. 2011இல் அதற்காகவே மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். இத்தனைக்கும் பின்னர் நுவரெலியா மாவட்டம் 52 சதவீத வாக்குகளை அவருக்கே அளித்தது. அவரது பழைய பேச்சைத் தோட்ட மக்கள் ஏற்றுக்கொண்டதாக இதற்குப் பொருள் கொள்ள முடியாது. ஆட்சியிலிருந்தவரின் செயல் மீதிருந்த மனக்குறை, எதிர்த்தவரின் சொல் மீதிருந்த மனக்குறையை விடப் பெரிதாக இருந்தது என்பதே எமது கணிப்பு.

2015 ஜனவரியில் மஹிந்த ராஜபக்ஷ யாழ்ப்பாணத்தில், தெரியாத தேவதையை விடத் தெரிந்த பேயே மேல் என்றும், தாம் அந்தத் தெரிந்த பேய் என்றும் கூறி வாக்குக் கேட்டார். நகைச்சுவையாகக் கூறியிருக்கலாம். ஆனால் 2014 ஜூனில் அளுத்கமையிலும் பேருவளையிலும் நடந்தவற்றைக் கண்ட முஸ்லிம் மக்களுக்கு அதில் சிரிப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. மலையகத்தில் திகாம்பரமும் இராதாகிருஷ்ணனும் அதற்கு முந்திய மாதத்திலேயே மஹிந்தவின் மேடையை விட்டு இறங்கியிருந்தனர். நுவரெலியாவில் மைத்திரிபால சிறிசேன 63 சதவீதத்தைத் தாண்டினார்.

வாய் தவறுதல் என்பது தகாத சொல் மட்டுமல்ல. தன் கையில் இல்லாததைத் தருவதாகச் சொல்வதும் அவ்வகையைச் சேர்ந்ததே. தோட்ட மக்களை அதிகம் காயப்படுத்தியதும் இதுதான். 2020 மார்ச் முதலாம் திகதியிலிருந்து நாட்சம்பளம் 1000 ரூபா என்று கோட்டாபய ராஜபக்ஷ அறிவித்தார். அது வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில். 2024 மே தினத்தன்று கொட்டகலையில் இ.தொ.கா. மேடையில் ரணில் அறிவித்த தொகை 1700 ரூபா. பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் சென்று இடைக்காலத் தடை பெற்றன. செப்டம்பர் 21ஆம் திகதித் தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தபோது வர்த்தமானியில் வெளிவந்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. கம்பனிகள் இணங்காவிடில் என்ன செய்வது என்ற கேள்வியை மே தின மேடையிலேயே கேட்டிருக்கவேண்டியவர் வேட்பாளரல்ல. தோட்டத்தின் கொடுக்கல் வாங்கலைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர், அவரருகில் நின்ற துணைவரே.

தொழிலாளர் காங்கிரஸ் 2010இலும் 2015இலும் மஹிந்தவையும், 2019இல் கோட்டாபயவையும், 2024இல் ரணிலையும் ஆதரித்தது. இந்நான்கு தேர்தல்களிலும் அது சுட்டிக்காட்டியவர் நுவரெலியா மாவட்டத்தில் முதலிடம் பெறவில்லை. மேடையில் நிற்பவர் சொல்வதைக் கேட்டு மந்தையாக வாக்களிப்பவர்கள் என்று மலையக மக்களைப் பற்றிக் கொழும்பில் நிலவும் எண்ணத்துக்கு இதனை விடச் சிறந்த மறுப்பு வேண்டியதில்லை. இதில் வேடிக்கை யாதெனில், பாராளுமன்றத் தேர்தலில் அதே மக்கள் அதே காங்கிரஸின் வேட்பாளர்களுக்கு விருப்பு வாக்குகளை அளித்தே வந்துள்ளனர். தொழிற்சங்கப் பற்று வேறு, நாட்டின் தலைவரைத் தெரிவு செய்வது வேறு என்ற பகுப்பு அவர்களிடம் உண்டு, கட்சிகளிடம்தான் இல்லை.

துணை வேட்பாளர் இல்லாத இந்த முறையில், ஜனாதிபதிப் பதவி வெற்றிடமாகும் நாளில் அடுத்தவரைத் தீர்மானிக்கும் 225 பேருள் நுவரெலியா மாவட்டம் நேரடியாகத் தெரிவு செய்வது 8 பேரை. 2024 நவம்பரில் அந்த எட்டில் ஐந்து தேசிய மக்கள் சக்திக்குச் சென்றன. ஐக்கிய மக்கள் சக்திக்கு இரண்டும் ஐக்கிய தேசியக் கட்சியின் யானைச் சின்னத்துக்கு ஒன்றும் கிடைத்தன. 2022 ஜூலையில் நடந்தது போன்ற இரகசிய வாக்கெடுப்பு மீண்டும் வருமாயின் யாரை, எந்த நிபந்தனையில் ஆதரிப்பார்கள் என்பதை அந்த எட்டுப் பேரிடமும் இப்போதே கேட்டுப் பதிவு செய்துகொள்ளும் உரிமை தோட்ட மக்களுக்கு உண்டு. அடுத்த தேர்தல் மேடை அமைக்கப்படும்வரை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.