நூலைப் படித்தமைக்குச் சான்று யாது?

மாணாக்கன் நூலை உண்மையிற் படித்தானா என்பது இலக்கிய ஆசிரியரை என்றும் விட்டகலாத வினா. இதனை அறிதற்கு நெடுங்காலமாகக் கையாளப்படுவது வாசிப்புச் சோதனை. இது யார் கூற்று, யாருக்குக் கூறியது, அடுத்து நிகழ்ந்தது யாது எனப் பத்து வினாக்கள். திருத்துதல் எளிது; புள்ளியிடுதலும் எளிது. ஆயின், நூலைத் தொட்டும் பாராது வினாவிடைக் கைந்நூலை மனனஞ் செய்தவன் இதில் ஒன்பது பெறுவான். நூலில் ஆழ்ந்து கோவலனுக்காக வருந்தியவன் ஒரு பெயரை மறந்தமையால் ஐந்து பெறுவான்.

தெமோதரை போன்ற தோட்டப் பகுதிகளில் இக்குறை பன்மடங்காகின்றது. லயத்து அறையொன்றிலே குடும்பம் முழுதும் உண்டு உறங்கும் வீட்டுப் பிள்ளையை, 'இரவு படித்து வருக. நாளை சோதனை' எனப் பணித்தல் அவ்வீட்டின் வசதியைச் சோதிப்பதாகவே முடியும். அதே பிள்ளை மாசி மாதக் காமன் கூத்திலே ரதியின் புலம்பலை விடிய விடியக் கேட்டு, அடி பிறழாது ஒப்புவிக்கக் காண்கின்றோம். அப்பிள்ளையை இலக்கிய நாட்டமற்றதெனத் தள்ளி, பத்தாம் வகுப்பில் விருப்பப் பாடம் தெரியும் வேளையில் இலக்கிய நயத்தை எடாதே என ஆசிரியரே தடுப்பது எத்துணை அநியாயம்!

மாற்றுவழியையும் அக்காமன் கதையே காட்டுகின்றது. தஞ்சைப் பகுதி லாவணியில் மன்மதன் எரிந்தான் என ஒரு கட்சியும் எரியவில்லை என மறு கட்சியும் பாடி வாதிடும். கதையறியாதவன் அங்கே ஒரு நாழிகையும் நின்று பிடிக்க முடியாது. இம்முறையைச் சிலப்பதிகாரத்துக்கு ஏற்றினோம். வகுப்பறை நீதிமன்றமாயிற்று. குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது யாரை? ஆராயாது ஆணையிட்ட பாண்டியனையா, பொய்யுரைத்த பொற்கொல்லனையா, வாளை வீசிய காவலனையா? இதனைத் தீர்மானிப்பதற்கே கொலைக்களக் காதையை இருமுறை படிக்க நேர்ந்தது. கோவலனின் தோற்றங்கண்டு இவன் கள்வனல்லன் எனக் காவலர் ஐயுற்றதும், பொற்கொல்லன் கள்வருக்குத் துணையாவன எட்டினை எடுத்துரைத்து அவர் மனத்தைத் திரித்ததும் கைந்நூல்களில் ஒரு வரியாய் மறைந்துவிடும். சாட்சிக் கூண்டில் ஏறுபவனுக்கோ அவையே உயிர். மாதரியையும் கோப்பெருந்தேவியையும் அழைத்து விசாரித்தனர். முத்தா மாணிக்கமா என உடைத்துப் பார்க்கும் எண்ணம் கொலைக்கு முன்னர் எவருக்கும் ஏன் எழவில்லை என ஒரு மாணாக்கன் வினவினான். அவ்வினாவை எந்த வினாத்தாளிலும் நாம் கண்டதில்லை.

வேறு முயற்சிகளும் உண்டு: புகாரிலிருந்து உறையூர் வழியாக மதுரைக்குச் சென்ற பாதையை வரைதல், மாதரி எழுதுவதாக ஒரு கடிதம் புனைதல், பாட்டியிடம் கேட்டறிந்த ஒப்பாரியைக் கண்ணகியின் புலம்பலோடு ஒப்பிடுதல். படம் வரைதல் மட்டும் போதாது; அழகிய படம் பல வேளை படியாமையை மறைக்கும்.

இது விளையாட்டு, நேரமும் வீணாகும் என்பர் சிலர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' (1964) முதலிய கூத்துகளை மேடையேற்றியதை அறிந்தோர் அங்ஙனம் கூறார். நேரம் கூடுதலாகச் செல்வது மெய்யே. தெமோதரையிற் புகையிரதமும் நேரே இறங்க மாட்டாது, மலையைச் சுற்றித் தான் நின்ற நிலையத்தின் அடியாகவே சுரங்கத்திற் புகுந்து செல்கின்றது.

வாய்வல்லார் சிலரே பேச, ஏனையோர் வாளாவிருப்பர் என்பதே தக்க தடை. அதன்பொருட்டு, வழக்கு முடிந்த மறுநாள் நூலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தில் தீர்ப்பெழுத வேண்டும் என விதித்தோம். தீர்ப்பு எதுவாயினும் ஆகுக. நூலிலிருந்து மூன்று சான்றுகள் காட்டல் வேண்டும். புள்ளி வழங்குவது அப்பக்கத்துக்கே. பேசாதிருந்த பிள்ளைகள் எழுதிய தீர்ப்புகளே பெரும்பாலும் நீளமாயிருந்தன.