ஆங்கிலத்தில் ஒளிந்திருக்கும் தமிழ்

வேலை தேடித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தில்லிக்கு வந்தவர் அந்த இளைஞர். மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். மறுநாள் நேர்முகத் தேர்வு. "சார், கொஞ்சம் இங்கிலீஷில் பேசிப் பார்க்கலாமா?" என்று ஒரு மாலை வந்து உட்கார்ந்தார். "ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். "தப்பு இல்லையா சார்? எனக்கு கிராமர் வராது. அதனால்தான் எங்கேயும் வாயைத் திறப்பதில்லை."

பொறியியல் பட்டதாரி சொல்லும் பேச்சா இது? உண்மையில் அவருக்கு இலக்கணம் நன்றாகவே வருகிறது. வருவது தமிழ் இலக்கணம், அவ்வளவுதான்.

'போகிறேன்' என்ற ஒரே சொல் தினமும் போவதையும் குறிக்கும், இந்த நிமிடம் போவதையும் குறிக்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி வடிவங்கள். எதை எடுப்பது என்ற குழப்பத்தில் எல்லா வினைக்கும் 'இங்' சேர்த்துவிடுகிறோம். உடைமை, அறிவு போன்ற நிலைகளைச் சொல்லும்போது ஆங்கிலம் பொதுவாக அதை ஏற்பதில்லை. 'ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்' என்றாலே போதும்.

'டுடே இட்செல்ஃப்' எங்கிருந்து வந்தது? 'இன்றே' என்பதன் ஏகாரத்திலிருந்து. தொல்காப்பியர் ஏகாரத்துக்குச் சொல்லும் ஐந்து பொருள்களில் தேற்றமும் ஒன்று. அதைத்தான் நாம் 'இட்செல்ஃப்' ஆக்கிவிட்டோம். 'டுடே மார்னிங்' என்பது 'இன்று காலை'; ஆங்கிலேயர் 'திஸ் மார்னிங்' என்பார்கள். 'டிஸ்கஸ் அபவுட்' என்பதில் ஒட்டிக்கொண்டிருப்பது நம் 'பற்றி'. 'டிஸ்கஸ்' என்ற சொல்லிலேயே அது அடக்கம்.

'எ', 'தி' இரண்டும் நமக்கு என்றுமே தலைவலி. ஆனால் 'புத்தகம் வாங்கினேன்', 'புத்தகத்தை வாங்கினேன்' இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தமிழ்க் குழந்தைக்கும் தெரியும். இரண்டாவதில் எந்தப் புத்தகம் என்பது கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. அங்கே 'ஐ' உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் 'தி' செய்கிறது. இப்படிச் சொன்னதும் இளைஞர் முகத்தில் ஒரு தெளிவு.

இந்த வாதத்துக்குச் சான்று தில்லியிலேயே இருக்கிறது. இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்க் குழந்தைகள் 'அண்டில் யூ டோன்ட் கம், ஐ வோன்ட் ஈட்' என்பதைக் கேட்டிருக்கிறேன். 'நீ வரும்வரை' என்று யோசிப்பவருக்கு அந்த 'டோன்ட்' வராது. 'ஜப் தக் தும் நஹீ ஆதே' என்ற இந்தியிலிருந்து வந்த 'நஹீ' அது. வீட்டு மொழி தமிழானாலும் விளையாட்டு மொழி இந்தி. பிழையும் அங்கிருந்தே வருகிறது.

இந்தப் பிழைகளைப் பட்டியலிடுவதும் புதிதல்ல. 1907-லேயே பம்பாய் சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஜி.சி. விட்வொர்த் இந்தியர் ஆங்கிலத்தின் மரபு வழுக்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 1930-களில் வந்த ரென்-மார்ட்டின் இலக்கணப் புத்தகம் இன்றும் விற்கிறது. பிழைகளும் தொடர்கின்றன.

எல்லாவற்றையும் ஒழித்தாக வேண்டுமா? 'ப்ரிபோன்' என்றால் சிரித்தவர்கள் உண்டு. இன்று அது ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியில் இருக்கிறது. 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' வெள்ளைக்கார அதிகாரிகள் விட்டுப்போன வழக்கு. அவர்கள் பணியாற்றிய ஊர்தான் 'ஸ்டேஷன்'. சகலையைக் குறிக்க ஆங்கிலத்தில் தனிச்சொல் இல்லை. தெற்கே நாம் 'கோ-பிரதர்' என்று ஒன்றை உண்டாக்கிக்கொண்டோம். இவற்றால் யாருக்கும் நஷ்டமில்லை.

நஷ்டம் தரும் பிழைகள் வேறு. நான் மொழிபெயர்ப்புத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பேச்சுவார்த்தை பற்றிய செய்தி கைக்கு வந்தது. 'இரு தரப்பும் ஒப்புக்கொள்ளவில்லை' என்பதை 'போத் சைட்ஸ் டிட் நாட் அக்ரீ' என்று எழுதிக் கொடுத்தேன். தமிழ் அறியாத ஆசிரியர், ஒரு தரப்பு மட்டும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு தலைப்பையே மாற்றிவிட்டார். 'நைதர் சைட்' என்று எழுதியிருக்க வேண்டும். மறுநாள் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. எம்.ஏ. தமிழ் அன்று உதவவில்லை.

'ஐ வில் கம்' என்று உறுதி சொல்ல வேண்டிய இடத்தில் 'ஐ வுட் கம்' என்றால், 'வருவேன், ஆனால்...' என்று இழுப்பதாகக் கேட்பவர் நினைக்கலாம். 'ஐ ஹேவ் எ டவுட்' என்பதும் அப்படித்தான். நமக்குக் கேள்வியும் சந்தேகம்தான், அவநம்பிக்கையும் சந்தேகம்தான். வெளிநாட்டவரோ, தான் சொன்னதை நாம் நம்பவில்லை என்று முகம் சுளிக்கக்கூடும். முதலில் திருத்திக்கொள்ள வேண்டியவை பொருளைப் புரட்டும் இந்தப் பிழைகளைத்தான். மற்றவை பேசப் பேசச் சரியாகும். பேசாமல் இருந்தால் எதுவும் சரியாகாது.

மறுநாள் மாலை இளைஞர் மாடிப்படியில் எதிர்ப்பட்டார். வேலை கிடைக்குமா என்று தெரியவில்லையாம். "ஒரு இடத்தில் அவங்க கேட்டது புரியலை சார். வழக்கமா தலையாட்டிட்டு வந்துடுவேன். இன்னைக்கு 'ஐ ஹேவ் எ கொஸ்டின்'னு சொல்லித் திருப்பிக் கேட்டேன்" என்றார்.