அத்தனையும் பூச்சி

அரசமரம் இராத்திரியிலும் பிராணவாயு தருகிறதாமே, நிஜமா? மரங்களைப் பற்றி எதை எழுதினாலும் வாசகர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. இல்லை என்பதுதான் பதில். இலை வெளிவிடும் பிராணவாயு தண்ணீரைப் பிளப்பதால் கிடைப்பது. பிளக்கும் ஆற்றலைத் தருவது வெளிச்சம். பொழுது சாய்ந்தால் அரசானாலும் வேம்பானாலும் துளசியானாலும் அந்த வேலை நின்றுவிடும். இரவு முழுக்க நம்மைப் போலவே மரமும் பிராணவாயுவை எடுத்துக்கொண்டு கரியமிலவாயுவை விடும். கள்ளி வகைகளும் சில ஆர்க்கிடுகளும் இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை வாங்கிச் சேமித்துக்கொள்வது உண்டு. அவையும் பிராணவாயுவைத் தருவது பகலில்தான். இவ்வளவு சொன்ன பிறகும் பலருக்கு மனம் ஒப்புவதில்லை. தெய்வமாகக் கும்பிடும் மரத்துக்கு ஏதாவது ஒரு தனிச் சக்தி இருந்தாக வேண்டும் என்ற தவிப்பு அது. அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அரசின் பெருமையைக் காப்பாற்ற ஒரு தவறான தகவல் வேண்டும் என்று நினைப்பவர்கள் மரத்தை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்றே சொல்வேன். வியக்க வேண்டியது சுண்டைக்காய் அளவுள்ள அதன் பழத்துக்குள் இருக்கிறது.

மரத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்ததை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அடியில் பிள்ளையார், பக்கத்தில் வேம்பு, மஞ்சள் பூசிய நாகர் கற்கள், கிளையில் தொட்டில், திங்கட்கிழமையும் அமாவாசையும் சேர்ந்துவரும் நாளில் 108 சுற்று. திருவாவடுதுறையில் படர்அரசு தலமரம். மொகஞ்சதாரோ முத்திரையிலேயே அரசிலைகளுக்கு நடுவே ஒரு தெய்வ உருவம் நிற்கிறது. கீதையின் 10ஆம் அத்தியாயத்தில் மரங்களில் தான் அரசு என்கிறான் கண்ணன். இந்த நெடிய மரபில் கண்கள் பதிந்தது பெரும்பாலும் அடிமரத்திலும் நிழலிலும் சலசலக்கும் இலையிலும். பழத்தை யாரும் பொருட்படுத்தவில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. சாந்தோக்ய உபநிடதத்தில் உத்தாலகர் தன் மகன் சுவேதகேதுவிடம் அரசின் உறவான ஆலின் பழத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பிட்டுப் பார்க்கவைத்துத்தான் பாடம் நடத்துகிறார். ஆல், அரசு, அத்தி முதலான ஐந்து பால்மரங்களின் பழங்களைச் சமண இல்லறத்தார் உண்பதில்லை. உள்ளே உயிர்கள் இருக்கின்றன என்பது காரணம். கண்ணாடி வில்லை இல்லாத காலத்தில் பிட்டுப் பார்த்தவர்கள் அவர்கள். நம் பாட்டிமார்களும் பார்த்திருக்கிறார்கள். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் பூச்சி என்று, வெளியே பளபளத்து உள்ளே கெட்டுப்போனவர்களைச் சுட்ட ஒரு பழமொழி வைத்தார்கள். பார்த்தது சரி. அதைக் குறை என்று எடுத்துக்கொண்டதில்தான் பிசகு.

ஆல், அரசு, அத்தி, இச்சி எல்லாம் ஒரே குடும்பம். அத்தி பூத்தாற்போல என்று அரிதான வரவைச் சொல்கிறோம். உண்மையில் அத்திக் குடும்பம் பூத்தபடியேதான் இருக்கிறது. பூ வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். காய் என்று நாம் நினைப்பது, பூங்கொத்தின் காம்பே உள்பக்கமாகக் குழிந்து பை போல மூடிக்கொண்ட உருவம். சூரியகாந்திப் பூவின் தட்டை ஓரங்களைச் சேர்த்துச் சுருக்குப் பையாக இழுத்துக் கட்டினால் பூவெல்லாம் உள்ளே போய்விடும் அல்லவா, அப்படி. அரசில் இந்தப் பைகள் இலைக்கக்கத்தில் இரண்டிரண்டாகக் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். முதலில் பச்சை, பிறகு சிவப்பு, கனிந்தால் கருஞ்சிவப்பு. நுனியில் ஒரு சின்ன வாய்; அதையும் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடைத்திருக்கும். பிட்டால் சுவரெங்கும் நுண்ணிய பெண்பூக்கள் நெருக்கியடித்து நிற்கும், வாயோரத்தில் மட்டும் சில ஆண்பூக்கள். பெண்பூக்கள் முதிரும்போது அதே பைக்குள் இருக்கும் ஆண்பூக்கள் முதிர்ந்திருக்காது. சில வாரம் பிந்தித்தான் மகரந்தம் தரும். ஆகவே மகரந்தம் வேறொரு மரத்திலிருந்து வந்தாக வேண்டும். காற்றுக்கு உள்ளே வழியில்லை. தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் அந்த வாயில் நுழைய முடியாது. ஒரே ஒரு உயிரால்தான் முடியும்.

அது ஒரு குளவி. குளவி என்றதும் கொட்டும் செங்குளவி நினைவுக்கு வரும். இது எள்ளைவிடச் சிறியது, இரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கும், யாரையும் கொட்டாது. அத்தியினங்கள் உலகில் 750க்கு மேல். பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனிக் குளவி இனம் உண்டு. அரசுக்கு உரியது பிளாட்டிஸ்காப்பா குவாட்ராட்டிசெப்ஸ். பெண்பூக்கள் தயாரானதும் பையிலிருந்து ஒரு வாசனை கிளம்பும். அதை மோப்பம் பிடித்து வரும் பெண்குளவி, செதில்களுக்கு இடையே தலையைச் செருகி நெருக்கிக்கொண்டு நுழைகிறது. அந்த இடுக்கு எவ்வளவு குறுகல் என்றால், இறக்கைகள் முறிந்து வெளியே உதிர்ந்துவிடும். உணர்கொம்பின் பாதியும் ஒடிந்துபோகும். இனி திரும்பி வர வழியில்லை. உள்ளே இருட்டில் பூ பூவாக நடந்து, கொண்டுவந்த மகரந்தத்தைச் சூல்முடியில் வைக்கிறது, சில பூக்களில் முட்டையும் இடுகிறது. பிறகு அங்கேயே இறக்கிறது. முட்டை விழுந்த பூ குளவிப் புழுவுக்குத் தொட்டிலாகவும் உணவாகவும் ஆகும், மற்றவை விதையாகும். சில வாரங்களில் முதலில் வெளிவருபவை ஆண்குளவிகள். அவற்றுக்கு இறக்கை கிடையாது, பார்வையும் இல்லாதது போலத்தான். இன்னும் பூவறைக்குள்ளேயே அடைந்திருக்கும் பெண்களோடு கூடி, எல்லாம் சேர்ந்து பையின் சுவரைக் குடைந்து வெளியே ஒரு வழி திறந்துவிட்டு உயிரை விடுகின்றன. அந்தச் சமயம் பார்த்துத்தான் ஆண்பூக்கள் மகரந்தம் உதிர்க்கின்றன. பெண்குளவிகள் மகரந்தத்தை எடுத்து, உடம்பில் அதற்கென்றே உள்ள பைகளில் நிரப்பிக்கொண்டு அந்தத் துளை வழியே பறக்கின்றன. சட்டைப்பை போன்ற அந்த மகரந்தப் பைகளைப் பற்றி, அரசின் குளவியை வைத்தே 1970இல் விளக்கி எழுதினார் இஸ்ரேலியத் தாவரவியலாளர் கலீல். பறக்கத் தொடங்கிய குளவிக்கு ஆயுள் ஓரிரு நாள். அதற்குள் இன்னொரு மரத்தை, சரியான பருவத்தில் இருக்கும் காயை, அது கண்டுபிடித்தாக வேண்டும். இந்த ஏற்பாடு 7 கோடி ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது.

இதைப் படித்ததும் தாயின் தியாகம், தன்னலமற்ற வாழ்வு என்று பேசத் தோன்றும். அங்கே ஒரு நியாயமான மறுப்பு எழுகிறது: பூச்சிக்குத் தியாகம் தெரியுமா? நம் மனத்தில் உள்ளதை அதன்மேல் ஏற்றிவிட்டு அதனிடமிருந்தே பாடம் கற்றதாகச் சொல்வது என்ன நேர்மை? மறுப்பவர் சொல்வது சரி. குளவிக்கு நோக்கம் இல்லை, மரத்துக்குக் கருணை இல்லை. இன்னும் சொன்னால் மரம் கறாரானது. மகரந்தம் கொண்டுவராமல் முட்டை மட்டும் இடும் குளவி நுழைந்த காயைச் சில அத்தியினங்கள் பழுக்கவிடாமல் உதிர்த்துவிடுகின்றன என்று பனாமாவில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. எனவே தியாகம் என்ற சொல்லை நான் விட்டுவிடுகிறேன். கண்ணுக்கு நேராகத் தெரியும் ஒன்று அதற்குப் பிறகும் மிஞ்சுகிறது. தன்னிடம் உள்ள பூக்களில் ஒரு பங்கை மரம் குளவிக்கு விட்டுக்கொடுக்கிறது. எல்லாப் பூவையும் விதையாக்கிக்கொள்ள ஆசைப்பட்டால் மகரந்தம் கொண்டுவர ஆளிருக்காது, ஒரு விதையும் விளையாது. விளைச்சலிலேயே பிறர் பங்கும் அடங்கியிருக்கிறது. இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. வாசலில் அரிசி மாவில் கோலம் போட்டால் எறும்பு தின்னும். காக்கைக்கு ஒரு பிடி வைத்த பிறகுதான் வீட்டில் சாப்பாடு. அலங்காரத்துக்குள் ஒரு உயிரின் பங்கை வைத்த வழக்கம் அது. இன்று கல்மாவில் போடும் கோலத்தை எறும்பு சீண்டுவதில்லை. ஸ்டிக்கர் கோலத்தில் மாவே இல்லை. கோலம் இருக்கிறது, பங்கு போய்விட்டது. அரசமர வழிபாட்டிலும் இதே கோளாறு நேர்ந்திருக்கிறது என்பதுதான் என் வாதம்.

ஒரு மரத்தின் காய்கள் பெரும்பாலும் ஒரே சமயத்தில் முதிரும். அதனால் அங்கிருந்து கிளம்பும் குளவிக்கு அதே மரத்தில் இடமில்லை. வேறொரு மரம் அப்போதுதான் காய்விட்டிருக்க வேண்டும். அது காலியாகும்போது மூன்றாவது மரம் தயாராக இருக்க வேண்டும். ஆண்டு முழுக்க எங்காவது ஒரு மரம் காய்த்துக்கொண்டே இருந்தால்தான் குளவி வம்சம் நீடிக்கும். அந்த ஓயாத காய்ப்பால்தான் குயிலும் மைனாவும் குக்குறுவானும் பச்சைப்புறாவும் வௌவாலும் பஞ்ச காலத்தைக் கடக்கின்றன; உலகில் 1,200க்கும் மேற்பட்ட பறவை, விலங்கினங்கள் அத்திக் குடும்பத்துப் பழங்களைத் தின்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். தொடர் அறுந்தால் என்ன ஆகும் என்பதற்குப் போர்னியோவின் லம்பிர் மலைக்காடு சாட்சி. 1998இன் கடும் வறட்சியில் அங்கே சில அத்தியினங்கள் காய்ப்பதை நிறுத்தின; அவற்றின் குளவிகள் அந்த வட்டாரத்தில் அற்றுப்போயின. குளவியால் வெகுதூரம் போக முடியுமே என்று கேட்கலாம். முடியும். நமீபியப் பாலைவனத்தில் காற்றில் மிதந்துபோய் 160 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மரங்களுக்கு இடையே மகரந்தம் சேர்த்த குளவிகளை 2009இல் வெளியான ஆய்வு ஒன்று பதிவு செய்திருக்கிறது. ஆனால் காற்று கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தில் மரம் நின்றால்தானே பயன்? அநுராதபுரத்துப் போதிமரத்தைக் காட்டி, கி.மு. 3ஆம் நூற்றாண்டிலிருந்து ஒற்றை மரம் வாழவில்லையா என்று வாதிடுவோரும் உண்டு. அது சங்கமித்தை கொண்டுவந்த கிளையிலிருந்து வளர்ந்தது, தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் முட்டுக்கொடுத்துத் தாங்கி நிற்பது. பெரும் பக்தியின் சாதனை, சந்தேகமில்லை. புத்தகயாவில் 1876 புயலில் மரம் விழுந்தபோதும் 1881இல் மனிதக் கைதான் புதிதாக நட்டது. ஒரு மரத்தை இப்படி மனிதர் காக்கலாம். மர இனத்தையே காக்கக் குளவி வேண்டும்.

வழிபாடுதான் இந்த மரங்களை வெட்டுக்கத்தியிலிருந்து காத்தது என்பதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். சாமி மரம் என்ற அச்சம் இல்லாதிருந்தால் நம் ஊர்களில் பாதி அரசு விறகாகியிருக்கும். அந்த மரியாதையின் இன்றைய நிலையைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. அடிமரத்தை ஒட்டிச் சிமெண்ட் பூசி மேடை கட்டி, மேலே டைல்ஸ் ஒட்டுகிறார்கள். மழைத்தண்ணீர் இறங்காது, வேருக்குக் காற்று போகாது, அடிமரம் பருக்க இடமில்லை. பட்டையோடு சேர்த்து எண்ணெய் விளக்கு வைத்து மரம் கருகிக் கிடக்கிறது. விளம்பரத் தகடுகளுக்கு ஆணி. மஞ்சள் நூல் சுற்றிய இடத்தில் இப்போது நைலான் கயிறு; நூல் இற்று விழும், நைலான் பட்டையை இறுக்கும். தொட்டில் கூட பிளாஸ்டிக். கோயில் விளக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புத்தகயாவில் நெய்விளக்கு ஏற்றத் தனிக் கூடங்களே வைத்திருக்கிறார்கள். பக்தி அதனால் குறைந்துவிடவில்லை. கோபுரத்திலும் மதிலிலும் பறவை எச்சத்தில் முளைக்கும் அரசங்கன்றைப் பிடுங்குவது பாவமா என்றும் கேட்கிறார்கள். பிடுங்கத்தான் வேண்டும், அதன் வேர் கல்லைப் பிளக்கும். பிடுங்கியதைக் குப்பையில் எறியாமல் ஏரிக்கரையிலோ மயானத்தோரத்திலோ சாலையிலிருந்து தள்ளியோ ஊன்றினால் போதும், அரசு பிழைத்துக்கொள்ளும் மரம். சாலை அகலப்படுத்தும்போது பிள்ளையாரைப் பக்குவமாக இடம் மாற்றிப் புதுக் கோயில் கட்டிக் கும்பாபிஷேகம் வரை நடத்திவிட்டு, அவர் பின்னால் நின்ற மரத்தை மட்டும் டன் கணக்கில் எடைபோட்டு அனுப்புவதை எந்த ஆகமமும் கேட்டிருக்காது.

பழக் காலத்தில் அரசடியில் காலை வைக்க முடியாது. கருஞ்சிவப்பாக நசுங்கிக் கிடக்கும். விடிந்ததும் துடைப்பம் வந்துவிடும். அதற்கு முன்னால் முழுசாகக் கிடக்கும் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினால், பல பழங்களில் ஊசி குத்தியது போல ஒரு துளை தென்படும். ஆண்குளவிகள் குடைந்துவிட்டுச் செத்த வழி அது. நகத்தால் பிட்டால் கடுகைவிடப் பொடியான விதைகளுக்கு இடையே, கூடு விட்டுப் போன வெற்றுப் பூவறைகள் இருக்கும். அவற்றிலிருந்து கிளம்பியவை மகரந்தத்தோடு காற்றேறிப் போய்விட்டன. அவற்றுக்கு ஒரு பகலோ இரண்டு பகலோதான் இருக்கிறது. அடுத்த ஊர் ஏரிக்கரையிலாவது காய்விட்ட இன்னோர் அரசு நிற்க வேண்டும்.